முதுகெலும்பு ஒட்டிப்போன சர்க்கரைக்காரர்களுக்கு: கேள்வி பதில்

முத்தியால்பேட்டை: அப்பாவுக்கு 62 வயசு, 15 வருஷமா சுகர். சளிக்கு எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் 'டிஷ்' என்று எழுதியிருக்காங்க. வலியே இல்லை. என்ன இது?

பெரும்பாலும் இப்படி வேறெதற்கோ எடுத்த படத்தில்தான் மாட்டும். டிஷ் (DISH, நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) வந்தால் முள்ளெலும்புகளின் முன்பக்கம் ஓடும் தசைநார் எலும்பாகிவிடுகிறது. படத்தில் மெழுகு வழிந்து உறைந்த மாதிரி தெரியும். அடுத்தடுத்த 4 எலும்புகளையாவது இணைத்திருந்தால், நடுவிலுள்ள டிஸ்க் தேயாமல் இருந்தால்தான் டிஷ் என்போம். மார்புப் பகுதியில் வலப்பக்கமே அதிகம் வளரும். இடப்பக்கம் அயோர்ட்டா (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) துடித்துக்கொண்டே இருப்பதால் அங்கே படிய முடிவதில்லை என்பார்கள். இதயம் வலப்பக்கம் அமைந்தவர்களுக்கு இது இடப்பக்கம் வளர்வதைப் பார்த்தால் சரியென்றே படுகிறது.

மஞ்சக்குப்பம்: நெத்திலி, கால்சியம் மாத்திரை நிறுத்தணுமா?

வேண்டாம், கால்சியத்தால் இது வருவதில்லை. டைப் 2 சுகர், தொப்பை, ரத்தத்தில் கூடுதலாகச் சுற்றும் இன்சுலின் ஆகியவற்றோடுதான் உறவு. சுகரைக் கட்டுக்குள் வைத்தாலும் படிந்த எலும்பு கரையாது. கரைக்கிறேன் என்று விற்கும் எண்ணெய்க்குக் காசு கொடுக்காதீர்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தால் இடுப்பு மூட்டு அளவைப் பாருங்கள். முதுகில் எடுத்தால் இந்த உபரி எலும்பும் சேர்ந்து பொய்யாக நல்ல எண் காட்டும்.

நெல்லிக்குப்பம்: காலையில் முதுகு விறைப்பு. கடையில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போடுறேன்.

சுகர்காரர் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு பாராசிட்டமாலுக்கு மாறுங்கள். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள்.

வில்லியனூர்: சோறு தொண்டையில் அடைக்குது. டிஷ்ஷால் இருக்குமா?

இருக்கலாம், கழுத்தில் வளர்ந்த எலும்பு உணவுக்குழாயை அழுத்தும். ஆனால் புற்றுநோய் இல்லையென்று உறுதியான பிறகே அதன்மேல் பழி போடணும். பேரியம் விழுங்கி எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி இரண்டும் தேவை. ஸ்கோப் போடுபவரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் டிஷ் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். குழாய் இறக்குவது சிரமம்.

கடலூர் முதுநகர்: டிஷ் உள்ள மாமா நேற்று திண்ணையிலிருந்து சறுக்கி விழுந்தார். எக்ஸ்ரே நார்மல், நடக்கிறார். வலி குறையலை.

இன்றைக்கே சி.டி. எடுங்கள். ஒட்டிப்போன முதுகு வளையாது, சாக்பீஸ் மாதிரி குறுக்கே முறியும். அந்தக் கீறல் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். இன்று நடப்பவருக்கு, முறிந்த துண்டு நகர்ந்தால் நாளை கால் விழலாம். வலிக்கிற இடத்தோடு நிறுத்தாமல் முழு முதுகெலும்பையும் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு இடத்தில் முறிந்திருக்கலாம். ஷேர் ஆட்டோ வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கூன் இருந்தால் பலகையில் அழுத்தி நிமிர்த்தாமல், வழக்கமாக இருக்கும் வளைவுக்கே தலைக்கடியில் துணி மடித்து வையுங்கள். பழைய எக்ஸ்ரே கையோடு போகட்டும்.