மாசிக் காலைப் பூங்கா – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில் போகிறபோக்கில் 'சென்னையின் பின்பனிக்காலம்' என்று எழுதியிருந்தீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து 11 வருடம் ஆகிறது. வெயில், வெள்ளம், மறுபடி வெயில். இதைத் தவிர வேறு காலத்தை இங்கே நான் பார்த்ததில்லை. என் அப்பா செய்யாறு பக்கம் நெல்லும் மல்லாட்டையும் (வேர்க்கடலை) போட்டவர். அம்மா தவறிய பிறகு என்னோடு வந்துவிட்டார். டாக்டர் நடக்கச் சொன்னதால் தினமும் காலையில் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு சுற்று வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "இங்க பாக்க என்னடா இருக்கு" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையாகவே கேட்கிறேன், இந்த மாதத்தில் சென்னைப் பூங்காவில் பார்க்க என்ன இருக்கிறது?

ச., மடிப்பாக்கம்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஞாயிறு. வழக்கமாக நடக்கிற இடத்துக்கே போனேன், லஸ் சர்ச் ரோட்டில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா, அமிர்தாஞ்சனைத் தொடங்கியவரின் பெயரில் இருக்கிறதே, அதுதான். ஆனால் அன்றைக்கு உங்கள் அப்பா பக்கத்தில் நடந்து வந்தால் அவருக்கு எதையெல்லாம் காட்டுவேன் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் எப்போதும் ஆகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். பின்பனி என்றால் மாசியும் பங்குனியும். சென்னையில் அது மாசியின் விடிகாலையில் மட்டும்தான் கைக்குப் பிடிபடும். வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டி இருக்கும், புல் நனைந்திருக்கும், இரும்பு பெஞ்சைத் தொட்டால் விரல் ஈரமாகும், ஒன்பது மணிக்கு இதில் ஒன்றும் மிச்சம் இருக்காது. நீங்கள் எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. இந்த மாதத்தில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழுகிறது, அதற்கு முன்பே போய்விடுங்கள். தைப் பனி தரையைப் பிளக்கும், மாசிப் பனி மச்சைப் பிளக்கும் என்று உங்கள் அப்பாவே சொல்லியிருப்பார். சிவராத்திரியோடு குளிர் சிவசிவா என்று போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அன்று நான் முதலில் நின்றது பாதாங்கொட்டை மரத்தடியில். நாம் வருடம் முழுக்கக் கண்டுகொள்ளாத மரம் இது. இப்போது போய்ப் பாருங்கள், ஒரே கிளையில் பச்சை இலை, செங்கல் நிறத்து இலை, நாவற்பழச் சாறு ஏறினாற்போல் கருஞ்சிவப்பு இலை எல்லாம் சேர்ந்து இருக்கும். கீழே விழுந்ததை ஒன்று எடுத்துத் திருப்பினால் நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி ஒரு புங்கமரம். பத்து நாள் முன்பு நான் பார்த்தபோது ஏறக்குறைய மொட்டை. இப்போது நுனி முழுக்கத் துளிர், எண்ணெய் தடவின மாதிரி மினுக்கம், வெயில் பட்டால் அந்தப் பச்சையைக் கண்ணால் நேராகப் பார்க்க முடியவில்லை. அரசமரத்துத் துளிர் செம்பு நிறம். வேம்பு இப்போதுதான் இலை பழுத்து உதிர்க்க ஆரம்பித்திருக்கிறது, சித்திரைப் பிறப்புக்கு நாம் பூ பறிக்க வேண்டும் என்றால் அதற்கு முன் அது இதையெல்லாம் முடித்தாக வேண்டும்.

பூவுக்கு வருகிறேன். மலர்க் கண்காட்சி என்று தொட்டிச் செடிகளைக் கொண்டுவந்து அடுக்குகிறார்களே, அதுவும் அழகுதான், குழந்தைகளை அழைத்துப் போகலாம். ஆனால் இந்த மாதத்துக்கே உரிய பூ மரத்தில்தான் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால்தான் கிடைக்கும். வசந்தராணி என்கிறோமே, தபேபுயா, ரோஸ் நிறத்தில் குழல் குழலாகப் பூக்கும் மரம், அது இலையைக் குறைத்துக்கொண்டு பூக்க ஆரம்பித்துவிட்டது. அதன் மஞ்சள் வகையும் அப்படியே. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம்முடைய மரங்கள் என்றால் முள்ளிலவும் கல்யாண முருங்கையும் புரசும். மூன்றுமே சிவப்புப் பூ, மூன்றுமே பெரும்பாலும் இலையில்லாமல் பூப்பவை. புரசைவாக்கத்துக்கு அந்தப் பெயரே புரசு மரத்தால் வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் ஒரு புரசைப் பார்க்க வேண்டுமானால் கங்காதீசுவரர் கோயிலுக்குத்தான் போகவேண்டும், அங்கே அது தலமரம்.

ஏன் இந்த மாதத்தில் பூக்கின்றன என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. வெளிநாட்டுக் கதைகளில் படித்துப் படித்து, குளிர் போய்ச் சூடு வந்தால் பூ வரும் என்றே நினைத்திருந்தேன். இங்கே நடப்பது வேறு, தண்ணீர்க் கணக்கு. நவம்பரில் 300 மில்லிமீட்டருக்கு மேல் வாங்குகிற ஊர் பிப்ரவரியில் சராசரியாகச் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. மண் காய ஆரம்பித்ததும் இந்த மரங்கள் இலையைக் கைவிட்டுச் செலவைக் குறைக்கின்றன, இலை மறைப்பு இல்லாததால் பூ தூரத்திலிருந்தே பறவைக்கும் வண்டுக்கும் தெரிகிறது, மழை இல்லாததால் தேனும் மகரந்தமும் கரைந்து போவதில்லை. இலவு காத்த கிளி என்கிறோம், அது காய்க்குக் காத்த கிளி. பூவுக்கு வருகிற மைனாவும் காக்கையும் தேன்சிட்டும் ஏமாறுவதே இல்லை. இலவம்பூ விழும்போது 'தொப்' என்று சத்தம் கேட்கும், அவ்வளவு சதைப்பற்று. உங்கள் பக்கத்தில் ஒரு மரம் இருந்தால் அப்பாவை அதன் கீழ் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள்.

அப்புறம் மேகம். இதற்காகவே தனியாக ஒரு கடிதம் எழுதலாம். மாசிக் காலையில் கடல் பக்கமிருந்து சின்னச் சின்னப் பஞ்சு மேகங்கள் தாழ்வாக வரும். அவை மழைக்கு ஆகாது, மேலே காய்ந்த காற்று மூடிபோல அழுத்திக்கொண்டிருப்பதால் உயர்ந்து வளர முடியாமல் துண்டு துண்டாகவே நகர்ந்து போகும். அவற்றுக்கு மிக மேலே, ஆறேழு கிலோமீட்டருக்கும் அப்பால், கோழி இறகைப் பிய்த்துப் போட்ட மாதிரி கீற்று மேகம் இருக்கும், முழுக்கப் பனித்துகள். அன்றைக்கு ஒரு தென்னை ஓலையின் நுனியை அடையாளம் வைத்துக்கொண்டு அசையாமல் நின்று பார்த்தேன். கீழ் மேகம் கடலிலிருந்து மேற்கே போகிறது. மேல் மேகம் மிக மெதுவாக, மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி வருகிறது. ஒரே வானத்தில் இரண்டு காற்று. கீழே நம்மைத் தொடுவது வங்கக் கடலின் காற்று, மேலே ஓடுவது பனிக்காலம் முழுக்க இந்தியாவின் உயரத்தில் வீசும் மேலைக்காற்று. அதைப் பார்த்த சந்தோஷத்தில் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த, அறிமுகமே இல்லாத ஒரு பெரியவரை நிறுத்திக் காட்டினேன். அவரும் நின்று பார்த்தார், "அட, ஆமா" என்றார்.

ஒன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பாலைத் திணைக்கு, அதாவது பிரிவுக்கு, வேனிலோடு பின்பனியும் உரியது என்கிறது தொல்காப்பியம். கல்லூரியில் படித்தபோது இது எனக்கு மனப்பாடச் சங்கதி மட்டும்தான். அந்தப் புங்கத்தடியில் நின்றபோது, பாதி மொட்டையாக இருந்த கிளைக்குக் கீழே, உங்கள் அப்பா ஞாபகம்தான் வந்தது. மனைவியும் இல்லை, நிலமும் இல்லை, "பாக்க என்னடா இருக்கு" என்று அவர் கேட்பதில் பூங்காவைத் தாண்டியும் ஏதோ இருப்பதாக எனக்குப் படுகிறது. மல்லாட்டை போட்டவர் வானத்தைப் பார்க்காமல் ஒரு நாளும் இருந்திருக்க மாட்டார். மாசியில் மேகம் போட்டால் மாம்பூவுக்கு என்ன ஆகும், தத்துப்பூச்சி எப்போது சேரும் என்று என்னைவிட அவருக்கு நூறு மடங்கு தெரியும். இவ்வளவு நாள் அவர் பார்த்ததை யாராவது கேட்டால்தானே சொல்லுவார். என் அப்பாவிடம் நான் கேட்காமலே விட்டுவிட்டேன், அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நாளைக் காலை பெஞ்சில் உட்கார்ந்ததும் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அந்த உயரத்துக் கீற்று மேகத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். கடலோர மீனவர்கள் காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். செய்யாற்றுப் பக்கத்து மேகத்துக்கும் பெயர் இருக்கும், எனக்குத் தெரியாது. அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்