வலை இருக்கான்னு கேட்ட புள்ள பயந்தாங்கொள்ளியா?

கேள்வி: அக்கா, எங்க வீடு வியாசர்பாடியில. போன மாசம் எங்க பக்கம் சர்க்கஸ் வந்துச்சு, 7 வயசு பையன கொழுந்தனாரோட சேந்து கூட்டிட்டுப் போனேன். கலர் லைட்டு, ஜிகினா டிரெஸ், ஜோக்கர்னு நல்லா சிரிச்சுட்டுதான் இருந்தான். கடைசியில ஊஞ்சல் வித்தையில ஒரு பொண்ணு கை தவறி வலையில விழுந்துச்சு. அது எழுந்து கும்பிடு போட்டுட்டுப் போயிடுச்சு, இவன் ஒரே கத்து, டவுசரையே நனைச்சுட்டான். பாதியில கெளம்பிட்டோம், டிக்கெட் காசு தண்டம். அதுலேர்ந்து "அப்பாவுக்கு வலை இருக்கா"ன்னு ஒரே நச்சரிப்பு, ராத்திரி தூங்கறதில்ல. கொழுந்தனார் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்றாரு. என் வீட்டுக்காரருக்கு பில்டிங் வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கிற வேலை, போன வருஷம் சாரம் சரிஞ்சு கால் உடைஞ்சு மூணு மாசம் படுத்திருந்தாரு, இப்ப நல்லா ஆயிட்டாரு. பையனுக்கு தைரியம் வர என்ன செய்யணும்?

பதில்: இன்னாம்மா நீ, டிக்கெட் காசு தண்டம்னு எழுதத் தெரியுது, கொழுந்தனார் கிண்டல எழுதத் தெரியுது, புருஷன் மேலேர்ந்து விழுந்தத மட்டும் கடைசியில போற போக்குல ஒரு வரியில எழுதி முடிச்சுட்ட. மூணு மாசம் அந்த மனுஷன் கால்ல மாவுக்கட்டோட ஒரே ரூம்ல படுத்திருக்காரு, பாத்ரூம் போக ஆள் புடிச்சிருப்பீங்க, வாடகைக்கு கடன் வாங்கியிருப்பீங்க, இதெல்லாம் அந்தப் புள்ள எங்கேர்ந்து பாத்துச்சு? அதே ரூம்லேர்ந்துதான? உனக்கு அது முடிஞ்சு போச்சு. அவனுக்கு முடியல.

புள்ள பயப்படுதுன்னு எனக்கு மாசாமாசம் லெட்டர் வருது, இருட்டு, நாய், கணக்கு மிஸ்னு. வளந்தா சரியாயிடும்னு நாலு வரி எழுதி விட்டுடுவேன், உனக்கு அப்படி எழுத மாட்டேன். உன் பையன் சர்க்கஸ்ல என்ன பாத்தான்னு கொஞ்சம் யோசி. மேலேர்ந்து ஒருத்தர் விழறாங்க, கீழ வலை புடிச்சுக்குது, எழுந்து கும்பிடு போடுறாங்க. அப்போ எங்கப்பா விழுந்தப்ப ஏன் வலை இல்லன்னு அவனுக்குத் தோணியிருக்கு. கூடாரத்துல அத்தன பேர் கை தட்டிட்டு இருந்தப்ப இந்தக் கேள்வி தோணுன ஒரே ஆள் உன் புள்ளதான். அவனப் போயி பயந்தாங்கொள்ளிங்கறாரு உன் கொழுந்தனாரு, அண்ணன் படுத்திருந்த மூணு மாசம் அவரு எத்தன நாள் வந்து ஒத்தாசைக்கு நின்னாருன்னு நீ எழுதல, நானும் கேக்கல.

சர்க்கஸ்காரங்களுக்கு பயமே இல்லன்னு நெனக்காத. 1859-ல பாரிஸ்ல லியோடார்னு ஒருத்தர் மொதமொதல்ல இந்தப் பறக்குற ஊஞ்சல் வித்தைய காட்டினப்ப கீழ வலை கெடையாது, மெத்தைதான் போட்டிருந்தாங்க, வலையெல்லாம் பின்னாடி வந்தது. இப்ப கத்துக்க வர்றவங்களுக்கு வித்தைக்கு முன்னாடியே விழத்தான் சொல்லித் தர்றாங்க. கால ஊனி எறங்கக் கூடாது, முதுகு படற மாதிரி விழணும், இல்லன்னா வலையிலயே கணுக்கால் போயிடும். அந்தப் பொண்ணு எழுந்து கும்பிட்டது அதிர்ஷ்டத்துல இல்லம்மா, அது எத்தனையோ வாட்டி விழுந்து பழகுனது. நான் சின்னப் புள்ளையா ராயபுரத்துலேர்ந்து அப்பா கூட போனப்ப சிங்கம், கரடி எல்லாம் இருந்துச்சு. 1998-ல கவர்மென்ட் அதுக்குத் தடை போட்ட பிறகு கூடாரத்துல உசுர வச்சு ஆடுறது மனுஷங்க மட்டுந்தான், ஆனா அவங்களுக்கும் கீழ ஒரு வலை இருக்கு. உன் வீட்டுக்காரருக்கு என்ன இருக்கு?

போன வருஷம் சாரம் சரிஞ்சதுன்னு எழுதின, இப்ப கயித்துல பலகை கட்டி உக்காந்து அடிக்கிறாரா, இன்னும் சாரத்துல நின்னுதான் அடிக்கிறாரான்னு நீ சொல்லல, எதுவா இருந்தாலும் இன்னைக்கு ராத்திரியே அவரக் கேளு. விழாம புடிச்சுக்குற சேஃப்டி பெல்ட் போடுறாரா? போட்டா கொக்கிய எதுல மாட்டுறாரு? தான் தொங்குற அதே கயித்துலயே மாட்டுனா பிரயோஜனம் இல்ல, கயிறு அறுந்தா பெல்ட்டும் கூடவே வரும், தனியா ஒரு கயிறு மேல கெட்டியான எடத்துல கட்டி அதுல மாட்டணும். மேஸ்திரி குடுக்கலன்னா கேட்டு வாங்கணும், கேட்டா வேலை போயிடும்னு சொல்லுவாரு, எனக்கும் தெரியும், எங்க வீட்டுலயும் ஹார்பர்ல மூட்டை தூக்குன ஆம்பளைங்கதான். ஆனா பொண்டாட்டி புள்ள இருக்குற மனுஷனுக்கு முழுசா வீடு திரும்புறதும் கடமைதான், சம்பளத்த மட்டும் கொண்டாந்து குடுத்தா போதாது. நீயும் வாய மூடிட்டு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்துட்டு நிக்காத. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேர்ந்து இருக்கு, பெயின்டர்களும் அதுல சேரலாம், விபத்துக்கு உதவி உண்டு, புள்ளைங்க படிப்புக்கும் உண்டு. கார்டு இல்லன்னா இந்த வாரமே எழுதிப் போடு, இருந்தா ரினீவல் பண்ணியிருக்கான்னு எடுத்துப் பாரு.

பையன் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலம்மா. சும்மா இருடான்னுதான சொல்லியிருப்ப? பதில நீ சொல்லாத, அவங்கப்பா சொல்லட்டும். பெல்ட்ட வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லு, இடுப்புல கட்டிக்கிட்டு கொக்கிய ஜன்னல் கம்பியில மாட்டி, இழுத்துப் பாருடான்னு பையன் கிட்ட குடுக்கட்டும், அவன் தொங்கிக் கூட பாக்கட்டும்.

சர்க்கஸ் இன்னும் கெளம்பலன்னா திரும்பப் போங்க, இந்த வாட்டி அவரு ஒரு நாள் லீவு போடட்டும். ஊஞ்சல் வித்தை கடைசியிலதான் வரும், அதுவரைக்கும் உக்காருங்க, ஜோக்கர் ஊஞ்சல்லேர்ந்து பேன்ட் அவுந்து வலையில விழுவான், புள்ள அத பாக்காமயே வந்திருக்கு. கொழுந்தனாருக்கு டிக்கெட் எடுக்காத.