ஹாலுக்கு எந்த பேஜ் (beige, வெளிர் மணல் நிறம்)?

கேள்வி: நாங்கள் வாங்கியிருக்கும் வீட்டின் ஹாலுக்கு ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்டில் ‘ஆக்சஸிபிள் பேஜ்’ அல்லது ‘கிலிம் பேஜ்’ என்று முடிவு செய்திருக்கிறோம். ஷேடு கார்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஜன்னல் வடக்கு பார்த்தது, தரை தேன் நிற ஓக் மரம். எதை அடிக்கலாம்?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஒரே மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை, சகோதரி. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதை எல்.ஆர்.வி. என்று ஒரு எண்ணால் குறிப்பார்கள், முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. ஆக்சஸிபிளுக்கு அது 58, கிலிமுக்கு 57. இந்த ஒரு எண் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பிரிவது சாயலில்தான்: முதலாவதில் சாம்பல் கலந்திருக்கும், இரண்டாவதில் லேசாகப் பீச் பழ நிறம். இரண்டு அட்டையையும் வெள்ளைத் தாள்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

சென்னையில் மே, ஜூன் மாத உச்சிச் சூரியன் சற்று வடக்கே தள்ளியே இருக்கும். உங்கள் ஊரில் மத்தியான வெயில் வருஷம் முழுக்கத் தெற்கிலிருந்துதான், அதனால் வடக்கு ஜன்னல் வழியாக வருவது பெரும்பாலும் வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம், அதில் சாம்பல் சாயல் இன்னும் தூக்கலாகும். இதை வைத்துக் கடையில் கிலிமைச் சொல்லலாம். ஆனால் என் ஓட்டு ஆக்சஸிபிளுக்கே, காரணம் உங்கள் தரை. ஓக் மரத்தில் பட்டுத் திரும்பும் ஆரஞ்சு வெளிச்சம் சுவரில் ஏறும், ராத்திரியில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பும் எரிந்தால் கிலிம் ரோஸ் பக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் சோபா, திரைச்சீலை எதுவும் அதோடு ஒட்டாது.

இருந்தாலும் சாம்பிள் வாங்காமல் கேலன் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். அதைப் பழைய சுவர்மேல் நேரடியாகப் பூச வேண்டாம், பக்கத்திலுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில், சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை விட்டு, இரண்டு கோட்டிங் அடித்து, காய்ந்ததும் சுவர் சுவராக நிமிர்த்தி வைத்துப் பாருங்கள்: காலையில், மப்பான மதியத்தில், ராத்திரி விளக்கொளியில். மப்பான நாளில் ஆக்சஸிபிள் ரொம்பவே சாம்பலாகத் தெரிந்தால் முதலில் பல்பைப் பாருங்கள், 4000 கெல்வின் வெள்ளை பல்பு இருந்தால் அதை மாற்றுவது பெயின்டை மாற்றுவதைவிட மலிவு. தரையை மாற்றி சாம்பல் நிற டைல்ஸ் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் கிலிமுக்கே போங்கள்.