கிறிஸ் மெக்காண்ட்லெஸ் போல எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காட்டுக்குப் போவது வீரமா, முட்டாள்தனமா?

கேள்வி கேட்டவர் தமக்கு வயது 24 என்றும், கை நிறையச் சம்பளம் வருகிறது என்றும், அதை விட்டுவிட்டு ஒரு வருடமாவது காட்டில் தனியாக வாழ நினைப்பதாகவும் எழுதியிருக்கிறார். கொண்டுபோகும் பொருள்களின் பட்டியலும் கொடுத்திருக்கிறார்: கூடாரம், கத்தி, பத்து கிலோ அரிசி, வெயிலில் மின்னேற்றும் தகடு, எட்டுப் புத்தகங்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் காட்டிலும் வாழ்ந்தவன் இல்லை. இருபத்து மூன்று வயதில் ராஜினாமாக் கடிதம் எழுதி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலுவலகம் போய்வந்தவன். கடைசிவரை கொடுக்கவில்லை. ஒருநாள் துவைக்கப்போட்ட சட்டையோடு சேர்ந்து அது கூழாகிப்போனது. எல்லாவற்றையும் உதறிவிட்டு அலாஸ்காக் காட்டுக்குப் போய் அங்கேயே இறந்துபோன அமெரிக்க இளைஞன் கிறிஸ்தான் அந்த வயதில் எனக்குக் குலதெய்வம். பிறகு எனக்கே ஒரு மகன் பிறந்ததும் அதே கிறிஸ் மேல் கடுங்கோபம் வந்தது. பெற்றவர்களை இப்படித் தவிக்கவிடலாமா என்கிற கோபம். கும்பிட்டதும் தவறு, திட்டியதும் தவறு என்று தெரிந்தது அலாஸ்காவில் ஓர் ஆற்றங்கரையில் மூன்று இரவு தங்கியபோதுதான். ஆற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1968-இல் அமெரிக்காவில் பிறந்தவன். (பிறந்த வருடப்படி எனக்கு அண்ணன். ஆனால் இருபத்து நான்கிலேயே நின்றுபோனவனை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை.) 1990-இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினான். கையிருப்பாக இருந்த சுமார் 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் என்ற பசிநிவாரண அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் மேற்கே கிளம்பினான். அரிசோனாவில் திடீர் வெள்ளத்தில் கார் நனைந்து நின்றுபோக, அதை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சமிருந்த நோட்டுகளையும் கொளுத்திவிட்டு நடந்தான். அந்தப் பழைய டாட்சன் காரைப் பிறகு பூங்காக் காவலர்கள் கிளப்பிப் பார்க்க, அது ஓடியது. போதைமருந்து விற்பவர்களை மாறுவேடத்தில் பிடிக்க அதையே சில வருடம் பயன்படுத்தினார்கள் என்பது தனிக்கதை.

அதன்பின் இரண்டு வருடம் அவன் செய்ததற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: காடாறு மாதம், நாடாறு மாதம். தெற்கு டகோட்டாவில் தானியக் கிடங்கில் கூலிவேலை. சிறு படகு வாங்கி கொலராடோ ஆற்றோடு மெக்சிகோவரை பயணம். திரும்பி வந்து ஹாம்பர்கர் கடையில் வேலை. பிறகு மறுபடி சாலை. பேரைக்கூட மாற்றிக்கொண்டான். அலெக்சாண்டர் சூப்பர்டிராம்ப். மகா பரதேசி என்று வைத்துக்கொள்ளலாம். அவன் மனிதர்களை வெறுத்தவன் என்று சிலர் எழுதுவதை நம்பாதீர்கள். போன இடமெல்லாம் சிநேகிதம் பிடித்தான், கடிதம் போட்டான். காடு கசந்தால் நாடு, நாடு கசந்தால் காடு. இரண்டு வருடம் இந்த ஊஞ்சல் நன்றாகத்தான் ஆடியது.

1992 ஏப்ரல் 28. அலாஸ்காவில் ஹீலி என்ற சிற்றூருக்கு அருகே, ஸ்டாம்பீட் தடம் என்கிற கைவிடப்பட்ட பாதையின் முனையில், லாரியில் ஏற்றிவந்த ஒருவர் அவனை இறக்கிவிட்டார். அந்த மனிதர் வழியெல்லாம் புத்தி சொல்லியிருக்கிறார். ஆங்கரேஜ் நகருக்குக் கூட்டிப்போய்ச் சாமான் வாங்கித்தருகிறேன் என்றுகூடச் சொன்னார். இவன் கேட்கவில்லை. கடைசியில் அவர் தம் ரப்பர் பூட்சையும் மதியச் சாப்பாட்டையும் கொடுத்தார். பதிலுக்கு இவன் தன் கைக்கடிகாரத்தையும், சீப்பையும், கையில் இருந்த மொத்தச் சொத்தான 85 சென்ட்டையும் கொடுத்துவிட்டுப் போனான். மணி என்ன, தேதி என்ன என்று தெரியவேண்டாம் என்றானாம். அவனைப் பற்றிய நூலில் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் ஒருகாலத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

உள்ளே நடந்துபோய் ஒரு பழைய பஸ்ஸைக் கண்டுபிடித்தான். ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஓடிய 142-ஆம் எண் பஸ். 1960-களின் தொடக்கத்தில் பாதை போட வந்த தொழிலாளர்கள் தங்குவதற்காக, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து இழுத்துவந்து, வேலை நின்றதும் விட்டுப்போனது. அதுவே அவனுக்கு வீடு.

இனி சோற்றுக் கணக்கு. பத்து கிலோ அரிசி என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதை விரித்தே சொல்கிறேன். அவன் கொண்டுபோனது 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ அரிசி. ஒரு கிலோவுக்கு 3,600 கலோரி என்று வைத்தால் மொத்தம் 16,000. குளிரில் விறகு பொறுக்கி, வேட்டைக்கு அலையும் ஓர் ஆணுக்கு அது ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. உங்கள் பத்து கிலோவுக்கு இரண்டு வாரம். மிச்ச நாளெல்லாம் துப்பாக்கியை நம்பித்தான். சிறு குண்டு போடும் துப்பாக்கி. அணில், முள்ளம்பன்றி, பறவைகள் என்று கிடைத்ததைச் சுட்டுத் தின்றான். இவற்றில் பெரும்பாலும் கொழுப்பு மிகக் குறைவு. வெறும் கறியை எவ்வளவு தின்றாலும் உடம்பு உருகிக்கொண்டேதான் போகும்.

ஜூன் 9-ஆம் தேதி ஒரு மூஸ் மானையே வீழ்த்திவிட்டான். பல நூறு கிலோ கறி. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிடலாம். ஆனால் தெற்கு டகோட்டாவில் கேட்டுவந்தபடி புகைபோட்டுப் பதப்படுத்தப் பார்த்தான். மெல்லிய பட்டைகளாக அரிந்து காற்றில் காயவைப்பதுதான் அந்த நிலத்து வழக்கம். இவன் புகைபோட்ட கறியோ சில நாளில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. அந்த மிருகத்தைச் சுடாமலே இருந்திருக்கலாம் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தான். அவனைத் திமிர் பிடித்தவன் என்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திமிர் பிடித்தவன் மானுக்காக அழமாட்டான்.

இப்போது முக்கியமான செய்தி. ஜூலை 3-ஆம் தேதி அவன் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டான். ஆம், திரும்பினான். காட்டிலேயே செத்துப்போக வந்தவன் அல்ல. நாடாறு மாதம் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு நாள் நடந்து டெக்லானிகா ஆற்றுக்கு வந்தான். ஏப்ரலில் குளிரில் ஒடுங்கிக் கிடந்த, நடந்தே கடந்த ஆறு அது. ஜூலையில் கரைமுட்ட ஓடியது. மழை, ஆற்றைக் கடக்க முடியாது, தனிமை, பயம் என்று அன்று குறித்திருக்கிறான். பஸ்ஸுக்கே திரும்பிப்போனான்.

அந்த ஆற்றைத்தான் நான் பார்த்தேன். டெனாலி தேசியப் பூங்காவுக்குள் டெக்லானிகா கரையில் ஒரு கூடார முகாம் இருக்கிறது; காரோடு போனால் குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும் என்பது அங்கே விதி. அவன் நின்ற இடத்துக்கு வெகுதூரம் மேலே. நாங்கள் போனதும் ஜூலையில்தான். தண்ணீர் சாம்பலைக் கரைத்த நிறம். மேலே பனியாறு மலையை அரைத்து மாவாக்கி அனுப்புகிறது. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே கை காணாமல்போகும். நான் இருபது எண்ணுவதற்குள் எலும்பு வலித்துக் கையை எடுத்துவிட்டேன். அடியில் கல்லா குழியா என்று தெரிய வழியே இல்லை.

முதல் நாள் காலையில் என் மகன் தண்ணீரோரம் ஒரு குச்சியை நட்டுவைத்தான். விளையாட்டுக்குத்தான். மாலையில் போய்ப் பார்த்தால் குச்சி தண்ணீருக்குள் நின்று நடுங்குகிறது. கரை இரண்டு எட்டு பின்வாங்கியிருக்கிறது. மழை ஒரு துளி இல்லை. மறுநாள் விடிகாலை அதே குச்சி காய்ந்த கூழாங்கல் நடுவே நின்றது. பகல் வெயிலில் உருகும் பனி மாலைக்கு வந்து சேருகிறது, இரவுக் குளிரில் உருகுவது குறைந்து காலையில் ஆறு வடிகிறது. முகாமில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒருவர், அலாஸ்காவிலேயே பிறந்தவர், இதைச் சொல்லிவிட்டு, “ஆற்றைக் கடப்பதென்றால் காப்பி குடிக்குமுன் கடந்துவிட வேண்டும்” என்று சிரித்தார். இன்னொன்றும் சொன்னார்: அகன்று, பின்னல் பிரிந்ததுபோலப் பல கால்களாக ஓடும் இடத்தில் இறங்கு, ஒடுங்கி ஓடும் இடத்தில் இறங்காதே.

அன்று மழையும் சேர்ந்து பெய்ததால் கிறிஸ் காலைவரை காத்திருந்தாலும் கடந்திருப்பானா என்பது சந்தேகமே. ஆனால் அவன் நின்ற இடத்திலிருந்து சிறிது தூரம் கீழே, ஆற்றின் நீரோட்டத்தை அளப்பவர்கள் கட்டிவைத்த கம்பிவடம் ஒன்று இக்கரைக்கும் அக்கரைக்கும் போட்டிருந்தது. நுட்பமான நில வரைபடத்தில் குறித்திருந்த இடம். அவனிடம் அந்த வரைபடம் இல்லை. வேண்டுமென்றே எடுத்துப்போகவில்லை. வரைபடத்தில் வெற்றிடம் என்று எதுவும் மிஞ்சாத காலத்தில், வரைபடத்தையே விட்டுவிட்டால் உலகம் முழுவதும் வெற்றிடமாகிவிடும் அல்லவா? இளவயதின் தர்க்கம். எனக்கு இன்றும் அதில் பாதி பிடித்திருக்கிறது.

மீதிக்கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கிழங்கு தோண்டியும், காட்டுப்பழம் பறித்தும், விதை தின்றும் ஆறு வாரம் தாக்குப்பிடித்தான். ஜூலை 30-இல் உடம்பு மிகவும் தளர்ந்துவிட்டதாகவும், உருளைக்கிழங்குச் செடி என்று அங்கே அழைக்கப்படும் ஒரு செடியின் விதையே காரணம் என்றும் எழுதினான். அந்த விதையில் என்ன நஞ்சு என்று விஞ்ஞானிகள் பல வருடம் மல்லுக்கட்டினார்கள். நம் ஊரில் தடை செய்த கேசரிப் பருப்பில் இருக்கும் அதே நஞ்சு என்று 2013-இல் ஒரு வாதம் வந்தது. 2015-இல் அது மாறி வேறொரு அமினோ அமிலத்தின் பெயர் வந்தது. வெறும் பட்டினிதான் என்பவர்களும் உண்டு. எதுவாயினும், செப்டம்பர் 6-ஆம் தேதி வேட்டைக்காரர்கள் கண்டெடுத்தபோது உடல் சுமார் 30 கிலோதான் இருந்தது. இறந்து இரண்டரை வாரம் ஆகியிருக்கும் என்று கணித்தார்கள். அம்மா தைத்துக்கொடுத்த உறக்கப்பைக்குள் கிடந்தான்.

பஸ் கதவில் ஒரு சீட்டு இருந்தது. காப்பாற்றுங்கள், நடக்கத் தெம்பில்லை, பக்கத்தில் பழம் பறிக்கப் போயிருக்கிறேன், மாலைக்குள் வந்துவிடுவேன், தயவுசெய்து காத்திருங்கள் என்பது சாரம். கீழே கையெழுத்து: கிறிஸ் மெக்காண்ட்லெஸ். சூப்பர்டிராம்ப் இல்லை. அப்பா அம்மா வைத்த பெயர். தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆகஸ்ட்’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி. கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனவன்.

எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவன் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதிலும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. வெளியிலிருந்து பார்க்க வளமான அந்த வீட்டுக்குள் சண்டையும் வன்முறையும் இருந்ததாக அவனுடைய தங்கை 2014-இல் ஒரு நூலே எழுதினார். ஆகவே அவன் மெத்தையைத்தான் விட்டுப்போனானா, வேறெதையாவது விட்டு ஓடினானா என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. நீங்கள் எதிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பொதுவெளியில் எழுத வேண்டியதில்லை.

அந்தப் பஸ் இருந்த தடத்தில் பின்னாளில் நடந்துபோனவர்களில் இரண்டு பெண்கள், 2010-இலும் 2019-இலும், அதே டெக்லானிகாவில் மூழ்கி இறந்தார்கள். 2009 முதல் 2017 வரை பஸ் தொடர்பாக மட்டும் 15 முறை மீட்புப்பணி நடந்ததாக அலாஸ்கா அரசு கணக்குச் சொன்னது. கடைசியில் 2020 ஜூன் 18-இல் ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது ஃபேர்பேங்க்ஸில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஹீலியில் ஒரு மது விடுதியின் வாசலில், அவன் கதையைச் சொல்லும் திரைப்படத்துக்காகச் செய்த நகல் பஸ் நிற்கிறது. பஸ்ஸில் சாய்ந்து உட்கார்ந்து அவன் எடுத்துக்கொண்ட படத்தில் இருப்பதுபோலவே உட்கார்ந்து ஆட்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் மகனும் எடுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை.

ஆக, வீரமா முட்டாள்தனமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, கேள்வியே பிடிக்கவில்லை. போனதற்காக அவனை யாரும் திட்ட வேண்டாம். 24 வயதில் எனக்கு இல்லாத தைரியம் அது. ஏப்ரலில் கடக்கும் ஆறு ஜூலையில் எப்படி இருக்கும் என்று அந்த மண்ணில் பிறந்த ஒருவரிடம் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் எங்கோ உட்கார்ந்து இந்தக் கேள்விக்குத் தாமே பதில் எழுதிக்கொண்டிருப்பார்.

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். எட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. வரைபடம் இல்லை.