பிளஸ் டூ முடித்த மகன் இசையமைப்பாளர் ஆகணும் என்கிறான், ஏஐ வந்துவிட்டதே?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

"கம்ப்யூட்டரே பாட்டுப் போடுதே, இவன் படிச்சு என்ன பண்ணுவான்?" என்ற உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கடை விளம்பரம், யூடியூப் பின்னணி இசை, கல்யாண ஆல்பம் என்று புதியவர்கள் முதல் காசு பார்க்கும் வேலைகளில்தான் சுனோ போன்ற, சொன்னதைப் பாட்டாக்கித் தரும் ஏஐ செயலிகள் முதலில் கை வைக்கின்றன. அந்த வேலையை மட்டும் நம்பி அவன் இறங்கக் கூடாது.

வேலை தெரிந்த இசையமைப்பாளர்கள் முழுப் பாட்டையும் ஏஐயிடம் ஒப்படைப்பதில்லை, துண்டு வேலைகளைத்தான் கொடுக்கிறார்கள். உதாரணமாக, டிமக்ஸ் என்ற இலவச ஏஐ மென்பொருள் ஒரு பதிவைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரிக்கும். சினிமாப் பாட்டுக்கு நன்றாகவே வரும். திருவிழாவில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரியைக் கொடுத்தால் திணறும். நாதஸ்வரத்துக்குத் தனி டிராக் கிடையாது, தவிலின் இரு முகங்களில் தொப்பியின் ஒலி ஒரு டிராக்கிலும் வலந்தலையின் ஒலி இன்னொரு டிராக்கிலுமாகச் சிதறிவிடலாம். அதைக் காதால் கண்டுபிடித்துச் சரிசெய்பவருக்குத்தான் சம்பளம்.

ராகத்திலும் இதே கதைதான். ஏஐயிடம் தோடி ராகத்தில் ஒரு மெட்டு கேட்டால் ஸ்வரங்கள் வரும். ஆனால் தோடிக்கு உயிரான காந்தாரத்தின் ('க' ஸ்வரத்தின்) அசைவு பெரும்பாலும் வராது, கீபோர்டு கட்டை போல நேராக நிற்கும். ஏஐ பாடித் தரும் மாதிரிக் குரலில் 'ழ'வும் 'ள'வும் குழம்பும். பாடகருக்கு மெட்டைக் காட்ட அது போதும், வெளியிடப் போதாது.

குரல் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள். 2024-ல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐயில் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தார். கேட்காமல் யார் குரலையும் எடுக்கக் கூடாது. சுனோவின் இலவசக் கணக்கில் செய்த பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை. ஒவ்வொரு பாட்டின் புராஜெக்ட் ஃபைல் (இசை மென்பொருளில் பாட்டை அமைத்த கோப்பு), ஹம் செய்து போனில் பதிந்த மெட்டு, இரண்டையும் தேதியோடு சேமிக்கட்டும். 'இது என் மெட்டு' என்று சொல்ல அதுதான் கையிலிருக்கும் சாட்சி.

படிப்புக்கு, திருவண்ணாமலை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம் எல்லாம் மூன்று ஆண்டு கற்றுத் தருகிறார்கள். ஒலிப்பதிவில் நாட்டம் என்றால் தரமணி அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அதற்கான பட்டப் படிப்பு உண்டு. சென்னையில் வார இறுதி வகுப்பு கிடைத்தால், காட்பாடியில் ரயில் ஏறிப் போய்வரும் தூரம்தான்.

லட்சக்கணக்கில் ஸ்டூடியோ வேண்டாம். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), 49 கட்டை மிடி கீபோர்டு (லேப்டாப்பிலுள்ள வாத்தியங்களை வாசிக்கும் கீபோர்டு), ஒரு நல்ல ஹெட்போன். பதிவின் தர அளவை மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைக்கட்டும். படத்துக்கு வேலை செய்யும்போது அதைத்தான் கேட்பார்கள்.

கட்டணம் கட்டுமுன் இரண்டு மாதம் பாருங்கள். வாரம் ஒரு மெட்டு, ஏஐ இல்லாமல், சுருதிப் பெட்டியோடு பாடிப் பதியட்டும். அப்புறம் அதே மெட்டுக்கு ஏஐயில் வாத்திய அமைப்பு வாங்கி, எந்த இடம் பிசகியது, ஏன் பிசகியது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எட்டு வாரமும் அந்த நோட்டு நிரம்பினால் தைரியமாகச் சேருங்கள். மூன்றாவது வாரமே நின்றுவிட்டால், வேறொரு பட்டப் படிப்போடு மாலை நேர இசை வகுப்பு போதும்.