பழைய அம்பாசிடருக்கு மலிவான ஃப்யூவல் ப்ரெஷர் கேஜ்: 0–140 பிஎஸ்ஐ டெஸ்டர் கிட் போதுமா?

கார்புரேட்டரில் பெட்ரோல் வழிவது (ஓவர்ஃப்ளோ) பம்பின் அழுத்தத்தாலா என்று பார்க்க அது போதாது. அந்த கிட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கானது. அங்கே லைனில் 40, 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) இருக்கும். உங்கள் 1489 சிசி பிஎம்சி இன்ஜினில் கேம் ஷாஃப்டால் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் தருவது ஏறத்தாழ 1.5 முதல் 3 பிஎஸ்ஐ. சாதாரண கேஜில் முழு அளவில் 2, 3 சதவீதம் பிழை சகஜம். 140-க்கு அது 3, 4 பிஎஸ்ஐ ஆகிறது. அளக்க வேண்டியதைவிடப் பிழை பெரிதாக இருந்தால் அந்தக் கருவி எதற்கு?

ஹார்டுவேர் கடையில் "0–1 கிலோ கேஜ்" என்று கேளுங்கள். கிலோ என்றால் அங்கே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 14.2 பிஎஸ்ஐ. இரண்டரை அங்குல டயல், பித்தளை உள்பாகம், கீழ்ப்பக்க இணைப்பு, கால் அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய்) மரை. சென்னை பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் சில நூறு ரூபாயில் கிடைக்கும். இதைவிடச் சிறிய அளவு தேடி, மில்லிபாரில் குறித்த கேப்ஸ்யூல் கேஜை வாங்கிவிடாதீர்கள். அது காற்றுக்கும் வாயுவுக்கும் ஆனது, பெட்ரோல் உள்ளே போனால் கெடும்.

கிளிசரின் நிரப்பியதும் வேண்டாம். பானெட்டுக்குள் சூடேறும்போது கிளிசரின் விரிந்து கேஸுக்குள் அழுத்தம் கூடும், முள் குறைத்துக் காட்டும். பெரிய கேஜில் தெரியாது, 0–1 கிலோவில் நன்றாகவே தெரியும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மேலே உள்ள ரப்பர் மூடியை லேசாகத் திறந்து காற்றுப் போக விட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு பக்கம் வேக்யூம், மறுபக்கம் 0–10 பிஎஸ்ஐ என இரண்டும் உள்ள டயல், "வேக்யூம் கேஜ் / ஃப்யூவல் பம்ப் டெஸ்டர்" என்ற பெயரில் வரும். கார்புரேட்டர் ட்யூனிங்குக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் இதுதான் லாபம்.

மலிவு கேஜை நம்பலாமா என்ற கவலைக்குத் தண்ணீரே பதில். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் சரியாக 0.1 கிலோ அழுத்தம் தரும். நமக்கு வேண்டிய 1.5–3 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மீட்டர் தண்ணீர். நாலைந்து மீட்டர் கண்ணாடி ட்யூபின் (உள்ளே தெரியும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய்) ஒரு முனையை கேஜில் மாட்டி, ட்யூபை யு வடிவில் தொங்கவிட்டு, மறுமுனை வழியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கேஜ் பக்கம் காற்று அடைபட்டு நிற்கும், தண்ணீர் கேஜுக்குள் போகாது. திறந்த முனையை உயர்த்தி, இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை டேப்பால் அளந்து, முள் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். இரண்டு மீட்டரில் 0.2-க்குப் பதில் 0.23 காட்டினால் அந்த 0.03-ஐ டயலின் ஓரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிழை தெரிந்த கேஜ் போதும். இந்தச் சோதனையை பெட்ரோல் படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மாட்டும் இடம் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், கார்புரேட்டர் ஓரமாக. ஒரு பித்தளை டீ (மூன்று வழி இணைப்பு), லைனின் அளவுக்கேற்ற ஹோஸ் நிப்பிள்கள், பெட்ரோல் ஹோஸ் ஒரு அடி, க்ளிப்புகள். மேலே சொன்ன கண்ணாடி ட்யூபை இங்கே போட வேண்டாம், பெட்ரோலில் அது விறைத்து உருவிக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஆர்9 தர ஹோஸ் நல்லது. கால் அங்குல பிஎஸ்பியில் அங்குலத்துக்கு 19 மரை, என்பிடியில் (அமெரிக்கக் குழாய் மரை) 18. ஒன்றில் மற்றொன்றை மாட்டினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், ஆனால் ஒழுகும். டெஃப்லான் டேப் சுற்றினால் முனையில் இரண்டு மரையை விட்டுச் சுற்றுங்கள். பிய்ந்த துணுக்கு ஒன்று நீடில் வால்வில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) உட்கார்ந்தால் நீங்கள் தேடுகிற ஓவர்ஃப்ளோவை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

இன்ஜின் ஆறியபின் மாட்டுங்கள். கீழே துணி, பக்கத்தில் தீயணைப்பான். ஸ்டார்ட் செய்ததும் எல்லா மூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பம்ப் துடிப்பதால் முள்ளும் ஆடும், நடுப்புள்ளியைக் கணக்கில் எடுங்கள். ஐடிலில் ஒருமுறை, சுமார் 2000 ஆர்பிஎம்மில் ஒருமுறை குறித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்துங்கள்.

நிறுத்தியபின் முள் எப்படி இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மெதுவாக இறங்கினால் சரி. சட்டென்று விழுந்தால், மறுபடி ஓடவிட்டு நிறுத்தியவுடன் டீக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலான ஹோஸை இடுக்கியால் அழுத்திப் பிடியுங்கள். இப்போது முள் நின்றால் கசிவு நீடில் வால்வில். அப்போதும் விழுந்தால் பம்பின் வால்வு தேய்ந்திருக்கிறது.

0.1 முதல் 0.2 கிலோவுக்குள் காட்டியும் வழிகிறது என்றால் பம்பை விட்டுவிடுங்கள். நீடில் வால்வு, அதன் சீட், ஓட்டையாகி பெட்ரோல் புகுந்த ஃப்ளோட் (மிதவை) என்று பாருங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே சளசளப்பது கேட்கும். 0.25-க்கு மேல் போனால் பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள பேக்கிங்கைக் கவனியுங்கள். மெல்லியதாகப் போட்டிருந்தால் நெம்புகோல் அதிகம் நகர்ந்து அழுத்தம் கூடும். யாராவது "யூனிவர்சல்" எலெக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தால் ரெகுலேட்டர் இல்லாமல் தீராது. குறைவாக இருந்தால் ஃபில்டர், டாங்க் மூடியின் காற்றுத் துளை, காற்றிழுக்கும் பழைய ஹோஸ். ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) கிழிந்திருக்கலாம், அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

வேலை முடிந்ததும் கேஜையும் டீயையும் கழற்றிவிடுங்கள். அதிர்விலேயே கிடந்தால் போர்டன் ட்யூபின் (கேஜுக்குள் முள்ளை நகர்த்தும் வளைந்த குழாய்) பற்றவைப்பு விட்டுப்போகும். டாஷ்போர்டில் எப்போதும் தெரிய வேண்டுமென்றால் எலெக்ட்ரிக் சென்சார் வைத்த மீட்டர்தான் வழி. பெட்ரோல் ஹோஸை வண்டிக்குள் இழுக்கவே கூடாது.