தலைமாட்டில் சார்ஜ் ஏறும் வேப்

கேள்வி: துபாயில் வேலை செய்துவிட்டு வந்த மகன் வேப் (மின்சிகரெட்) ஒன்று கொண்டு வந்திருக்கிறான். விடச் சொன்னால் கேட்கிறான் இல்லை, அது வேறு கதை. இரவில் நுளம்பு வலைக்குள்ளேயே, தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறான். ஃபோன் சார்ஜரைத்தான் குத்துகிறான். போன கிழமை தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது வெடிக்குமா? (களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தாய்)

பதில்: வெடிக்கலாம் அம்மா. அடிக்கடி நடக்கிற காரியம் இல்லைத்தான். ஆனால் கை சுட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை லேசாக விட முடியாது. சார்ஜ் ஏறும்போது பற்றரி இளஞ்சூடாவது வழமை. உள்ளங்கையில் வைத்திருக்க முடியாத அளவு சுட்டால் பற்றரியில் பழுது, இல்லாவிட்டால் சார்ஜரில் பழுது. எது என்று தெரியும்வரை அந்தச் சாமானுக்கு இனிச் சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

உள்ளே இருப்பது லித்தியம் பற்றரி. 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் நிற்க வேண்டும். நிறுத்துவது நகக்கண் அளவு ஒரு சின்னச் சுற்று. மலிவுச் சாமானில் முதலில் காசு மிச்சம் பிடிப்பது அந்த இடத்தில்தான். அது பழுதாகி மேலும் மேலும் ஏறினால் பற்றரி தன் சூட்டிலேயே இன்னும் சூடாகிப் பற்றிக்கொள்ளும். பகலில் என்றால் யாராவது மணத்தைப் பிடித்துவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு நைலோன் வலைக்குள், தலையணைக்குப் பக்கத்தில் நடந்தால்?

இவ்வளவுக்கும் இரவு முழுக்கப் போடத் தேவையே இல்லை. சின்ன வேப்பின் பற்றரி ஒன்றரை மணித்தியாலத்துக்குள் நிரம்பிவிடும். கழற்றிப் போடுகிற பெரிய உருளைப் பற்றரி, 18650 செல் என்பார்கள், அது என்றாலும் மூன்று, நான்கு மணித்தியாலம் போதும். விளக்கு வைக்கிற நேரம் போட்டால் படுக்கப் போகுமுன் கழற்றலாம். சீமெந்துத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். பாய், மெத்தை, திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம். 45 பாகைக்கு மேல் சூடான இடத்தில் இந்தப் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. கச்சான் வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஃபோன் சார்ஜர் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் குழம்புகிற இடம். பெரும்பாலான வேப்புக்கு வேண்டியது 5 வோல்ட், 1 ஆம்பியர் சாதாரண சார்ஜர். இப்போது ஃபோனுக்கு வருவது பெரும்பாலும் வேகச் சார்ஜர். 9 வோல்ட், 12 வோல்ட் வரைக்கும் போகும். அப்படியென்றால் அதைக் குத்தவே கூடாதா? நல்ல சார்ஜர் என்றால் ஃபோன் கேட்டால்தான் 9 வோல்ட் தரும், கேட்காத சாமானுக்கு 5 வோல்ட்டோடு நின்றுகொள்ளும். 2 ஆம்பியர் என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். கொடுக்கக்கூடிய அளவு அது, இழுப்பது வேப்தான். ஆகவே ஃபோன் பெட்டிக்குள்ளேயே வந்த சார்ஜர் என்றால் அதனால் மட்டும் பெரிய கேடு வராது. வேப்பின் மேலேயே 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் பயமில்லை. என் கவலை, ஃபோனோடு வந்தது பழுதான பிறகு மலிவாக வாங்குகிறோமே, அதே பெயர் பொறித்த நகல் சார்ஜர், அதைப் பற்றித்தான். அது 5 என்று எழுதிவிட்டு என்ன தருகிறது என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. மகன் குத்துவது எது என்று பாருங்கள்.

கழற்றிப் போடுகிற செல் என்றால் கதை வேறு. நம் பக்கத்தில் இந்த 18650 செல்தான் வாவியில் இரவு மீன் பிடிக்கிறவர்களின் தலை லைற்றிலும் இருக்கிறது, அதனால் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கடைக்குக் கடை கிடைக்கும். மேலே 9900 என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அந்த அளவுச் செல்லில் 9900 மில்லி ஆம்பியர் மணி (செல் பிடிக்கிற கரண்டின் அளவு) அடைக்க உலகத்தில் எந்தக் கம்பனியாலும் முடியாது. நல்ல கம்பனிகள் விற்பதே பெரும்பாலும் 2500 முதல் 3500 வரை. பழைய லெப்டொப் பற்றரியை உடைத்து எடுத்த செல்லுக்குப் புது உறை சுற்றி, நடுவில் ஒருவர் கைமாற்றி, அதை ‘துபாய் ஒரிஜினல்’ என்று தருகிறார்கள். நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்: நல்ல செல் 45 கிராம் அளவில் நிற்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே சின்னச் செல் ஒன்றும் மீதிக்கு மாவோ மணலோதான். அந்தப் பிளாஸ்டிக் உறையையும் பாருங்கள். செல்லின் உடம்பு முழுக்க மைனஸ். மேலே பிளஸ் குமிழைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம்தான் இரண்டையும் பிரிக்கிறது. அந்த விளிம்பில் உறை கிழிந்திருந்தால் அந்தச் செல்லுக்கு இனிச் சார்ஜ் இல்லை.

விற்றவனைப் பிடித்துக் கேட்கலாமே என்பீர்கள். எங்கே கேட்பது? இலங்கையில் புகையிலை கலந்த மின்சிகரெட்டைக் கொண்டுவரவும் விற்கவும் 2016 இலேயே ஒழுங்குவிதி போட்டுத் தடுத்தாயிற்று. தடை ஒரு பக்கம் இருக்க, சாமான் மேசைக்குக் கீழால் போய்க்கொண்டேயிருக்கிறது. பில் இல்லை, உத்தரவாதம் இல்லை. முறைப்பாடு கொண்டுபோனால் ‘உங்களை யார் வாங்கச் சொன்னது’ என்று உங்களைத்தான் கேட்பார்கள். தடுக்கிறவர்கள் சரியாகத் தடுக்கவும் மாட்டார்கள், கையில் இருக்கிறதைச் சோதித்துச் சொல்ல ஒரு ஆளை வைக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017 இல் வெளியிட்ட கணக்கில், 2009 முதல் 2016 வரை செய்தியில் வந்த வேப் தீ, வெடிப்பு 195. அதில் சார்ஜ் ஏறும்போது நடந்தது 48. சட்டை, காற்சட்டைப் பைக்குள் நடந்தது 61. தனிச் செல்லைத் திறப்போடும் சில்லறைக் காசோடும் சேர்த்துப் பைக்குள் போட்டால் பிளஸ்ஸும் மைனஸும் முட்டிவிடும். தம்பி அப்படிச் செய்கிறாரா என்றும் பாருங்கள். வேப்பில் ஊற்றுகிற திரவத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், அதிலுள்ள நிக்கொட்டின் நஞ்சு.

வேப்பிலோ செல்லிலோ சீறுகிற சத்தமோ, இனிப்பான ஒரு இரசாயன மணமோ வந்தால், அதன் உடல் ஊதியிருந்தால், கையால் தூக்காதீர்கள். மெயின் சுவிட்சை அமர்த்திவிட்டுப் பிள்ளைகளை வெளியே எடுங்கள். சின்ன நெருப்பு என்றால் கரண்ட் நின்ற பிறகு தூர நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம். அந்தப் புகையை மூச்சில் எடுக்கவே கூடாது.

பழுதான செல்லை வளவுக்குள் குப்பையோடு போட்டு எரிக்க வேண்டாம். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மூடாத ஒரு மண்சட்டியில் மணலுக்குள் புதைத்து வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள். அதற்குப் பிறகு யாரிடம் கொடுப்பது என்று குப்பை வண்டிக்காரரிடம் நானும் கேட்டேன், ‘பொலித்தீனோடு போடுங்க சேர்’ என்றார். போட்டுவிடாதீர்கள். செல்ஃபோன் திருத்துகிற கடைகளில் சிலர் பழைய பற்றரிகளைச் சேர்த்து அனுப்புகிறார்கள், முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.